கீழ் சாப்பல் – அத்தியாயம் 14: அம்மாவின் கண்ணாடிக் கிண்ணம்

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஹெஸ்டர் க்ராப்ட்ரீக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தொரு வயதில் ஒரு சொட்டுகூட அவள் நாக்கில் பட்டதில்லை. ஏழு வயதில், இதே தேவாலயக் கட்டிடத்தின் ஞாயிறு பள்ளியில், மதுவைத் தொடமாட்டேன் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டவள். அந்த அட்டை இன்றும் சட்டம் போட்டு அவள் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது. அப்படிப்பட்டவளுக்கு, ஒரு கிண்ணம் டிரைஃபிள் இனிப்புக்குப் பாதி போத்தல் ஷெர்ரி ஒயின் என்பது கொஞ்சமா அதிகமா என்று எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி ஹாலிஃபாக்ஸ் வரை போய், முக்காட்டை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கிய போத்தல். "என்னம்மா விசேஷம், கல்யாணமா?" என்று கடைக்காரன் கேட்டான். "சாவு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது சனிக்கிழமை காலை பத்தரை. வெளியே மழை. கீழ் சாப்பலின் சமையலறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

மேஜைமேல் அம்மாவின் கண்ணாடிக் கிண்ணம். அதில் தங்கை டோரின் நேற்றே செய்து வைத்த டிரைஃபிள். அடியில் கேக், அதன்மேல் பழம், அதற்கு மேலே மஞ்சளாக உறைந்த கஸ்டர்ட். ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் அந்தக் கிண்ணத்தை நிரப்பிக் கொண்டுவருவது டோரினின் பங்கு. ஊருக்கே தெரியும்.

ஊருக்கே தெரியும் என்பதுதான் ஹெஸ்டருக்கு வேண்டியிருந்தது.

ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் கஸ்டர்டின் ஓரத்தில் ஏழெட்டு இடம் குத்தினாள். கண்ணாடியை ஒட்டியே ஊற்றினாள். பழுப்பு நிறம் கேக்குக்குள் இறங்கி மறைந்தது. ஓட்டைகளைக் கரண்டியின் முதுகால் நீவி மூடி, மேலே கிரீமைப் பூசினாள். யார் பார்த்தாலும் டிரைஃபிள். நல்ல டிரைஃபிள்.

காலடிச் சத்தம் கேட்டது. மீதி போத்தலைக் கதவாணியில் தொங்கிய தன் கோட்டின் உள்பைக்குள் தள்ளினாள்.

தங்கைக்கு இப்படிச் செய்ய ஒருத்திக்கு மனம் வருமா என்று கேட்டால், ஹெஸ்டருக்கு வந்தது. காரணமும் வைத்திருந்தாள்.

வட இங்கிலாந்து நெசவூரான ஹார்டன்ஷாவில், மதுவை அறவே ஒதுக்கும் மெதடிஸ்ட் சபைக்காரர்களுக்கு இரண்டு சாப்பல். மேட்டில் இருப்பதை ஆலை முதலாளிகள் கட்டினார்கள். ஆர்கன் வாத்தியம், மெழுகிட்ட பெஞ்சு, வெந்நீர்க் குழாய்ச் சூடு. ஆற்றோரம் இருப்பதை நெசவாளிகள் தறியை விட்டு இறங்கிய கையோடு கல்குவாரிக்குப் போய்க் கல் சுமந்து கட்டினார்கள். இரண்டு சபையும் இனி ஒன்றே என்று இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு லண்டனில் கையெழுத்தானது. ஹார்டன்ஷாவில் ஒருவரும் எழுந்து முன்னூறு கஜம் நடந்துபோய் அடுத்தவர் பெஞ்சில் உட்காரவில்லை.

இப்போது சேகரத்துக்கு, அதாவது சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம், பெரிய போதகரான பென்ரோஸ் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு கூரை போதும். கீழ் சாப்பலை மூடுவதா வைப்பதா என்று அதன் அங்கத்தினர்களே இன்று மாலை ஐந்து மணிக்குக் கை தூக்கிச் சொல்ல வேண்டும். நூறாவது ஆண்டு விழாத் தேநீர் முடிந்த சூட்டோடு.

அங்கத்தினர்கள் நாற்பது பேர். ஹெஸ்டர் ஒவ்வொரு வீட்டு வாசலாக ஏறி இறங்கிக் கணக்குப் போட்டிருந்தாள். வைக்க இருபது. மூட இருபது. சமமாக வந்தால் தலைமை வகிப்பவர் சொல்வதே முடிவு. பென்ரோஸ் என்ன சொல்வார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மூடச் சொல்லும் இருபதில் ஒன்று டோரின். மேல் சாப்பலின் ஆர்கன்காரன் பெர்சியோடு அவளுக்கு நிச்சயமாகி இருக்கிறது. அவளிடம் போய் ஹெஸ்டர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

சாப்பல் மூடினால் சமையலறை மூடும். செவ்வாயும் வெள்ளியும் அறுபது கிழங்கள் சுடச்சுடச் சாப்பிட்டுப் போகும் சமையலறை. இருபத்திரண்டு வருடமாக ஹெஸ்டரின் கரண்டி. மேல் சாப்பலில் பட்டாணி சூப் வாசனை ஆர்கனுக்கு ஆகாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

கை தூக்க அங்கத்தினர் சீட்டு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழுத் தலைவி பெயரெழுதிக் கையில் கொடுக்கும் சின்ன அட்டை. டோரினின் குழுவுக்குத் தலைவி ஹெஸ்டர்தான். சீட்டைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது. ஒழுங்கு மீறல் வேண்டும். சாப்பல் வளாகத்துக்குள் மதுவைக் கொண்டுவருவதைவிடப் பெரிய ஒழுங்கு மீறல் மெதடிஸ்ட்காரர்களுக்கு உண்டா?

கதவைத் தள்ளிக்கொண்டு டோரின் வந்தாள். முப்பத்தாறு வயது, மழையில் நனைந்த முடி, முழங்கை வரை சுருட்டிய சட்டை.

"கிரீம் நீயே பூசிட்டியா? நான் வந்து பூசிக்கலாம்னு இருந்தேன்."

"உனக்காகக் காத்திருந்தா கிறிஸ்துமஸ் வந்துடும்."

டோரின் சிரித்தாள். கையைக் கழுவிக்கொண்டே, "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"கூட்டம் முடியட்டும்."

"கூட்டத்துக்கு முன்னாடி சொல்ல வேண்டியது."

"டோரின், அடுப்புல நாப்பது ஸ்கோன் ரொட்டி வெந்துட்டிருக்கு. எனக்கு நேரமில்ல. உனக்குப் பேச ஆள் வேணும்னா அந்த எட்னா அக்ராய்ட் வெளியதான் நிக்கறா."

டோரின் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் மோதிர விரல் வெறுமையாக இருந்தது. மாவு பிசையக் கழற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஹெஸ்டர் அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"சரி, அப்புறம்" என்று டோரின் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

*

ஒரு மணிக்குக் கூடத்தில் மேஜை விரிப்பு போட்டுவிட்டுத் திரும்பிய ஹெஸ்டர் கதவைப் பார்த்தாள்.

கதவாணி காலி. கோட்டு இல்லை.

"என் கோட்டு எங்க?"

எட்னா அக்ராய்ட் ஹாம் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். எழுபது வயது. முழங்கால் வலிக்கு மேல் சாப்பலின் வெந்நீர்க் குழாய்தான் மருந்து என்று வெளிப்படையாகச் சொல்கிறவள். "உன் தம்பி எடுத்துட்டுப் போனான். மழைன்னா எல்லார் கோட்டையும் கொதிகலன் அறையில காயப் போடுவானே. இதென்ன புதுசா? ஏன், உள்ள காதல் கடிதம் ஏதாவது வச்சிருக்கியா?"

ஹெஸ்டர் படி இறங்கி ஓடினாள்.

கொதிகலன் அறையில் சேத் முட்டிபோட்டு நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். நாற்பத்தேழு வயது, பார்த்தால் அறுபது. கயிற்றில் வரிசையாகக் கோட்டுகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அவளுடையது கடைசி.

இந்த அறைக்குள்தான் ஒன்பது நாள் அவனைப் பூட்டி வைத்தாள், 1939 ஜனவரியில். சாராயக் கடையின் பின்முற்றத்துப் பனியில் கிடந்தவனைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து. அவன் கத்தினான், கடித்தான், அவள்மேலேயே வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டு சூப் ஊட்டினாள். பத்தாம் நாள் எழுந்து, கொதிகலனில் தானே கரி அள்ளிப் போட்டான். அன்றிலிருந்து அவன் தொடவில்லை.

ஹெஸ்டர் தன் கோட்டின் பக்கம் போய், ஈரம் பார்ப்பதுபோல் அழுத்திப் பார்த்தாள். போத்தல் இருந்தது. 

"இன்னும் காயலக்கா. விடு" என்றான் சேத், திரும்பாமலே.

"சரி."

"உன் கோட்டு ரொம்பக் கனம்."

"மழை."

"ஆமா. மழை."

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஈரக் கோட்டை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்பான். ஏப்ரனிலிருந்து அவனுடைய புதுச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. காலையிலதான் எழுதினேன். அஞ்சு மணிக்கு மொத வரிசையில உக்காரு. நான் கை தூக்கறப்போ நீயும் தூக்கு, போதும்."

சேத் கரிக் கையைக் கால்சட்டையில் துடைத்து வாங்கி, பெயரைப் பார்த்தான். "உன் கையெழுத்து மட்டும் மாறவே இல்லக்கா" என்றான்.

*

மூன்று மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. ஹாம், பீட்ரூட் ஊறுகாய், ஸ்கோன், மூன்று வகைக் கேக். பெரிய போதகர் பென்ரோஸ் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து, மூடப்போகும் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் இனிமையாகப் பேசினார்.

ஹெஸ்டர் தேநீர்க் கலத்தின் குழாயடியில் நின்றாள். அங்கிருந்து எல்லா மேஜையும் தெரியும்.

டோரின் டிரைஃபிளைப் பரிமாறத் தொடங்கினாள்.

முதல் கரண்டி எட்னாவுக்கு. எட்னா வாயில் போட்டாள். புருவம் உயர்ந்தது.  இதோ. இப்போது.

"டோரின்! இந்த வருஷம் என்னடி போட்டே?"

"அதே ராஸ்பெரி சாறுதான். ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்லையாவா? தொண்டையில இறங்கறப்போ கதகதன்னு இருக்கு. என் முழங்காலுக்கே இறங்கற மாதிரி இருக்கு. இன்னொரு கரண்டி போடு!"

ஹெஸ்டர் காத்திருந்தாள். எண்பத்து மூன்று வயது ஆமோஸ் க்ரீன்ஹால்ஷ் தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டினார். மதுவிலக்குச் சங்கத்தின் கொடியை அறுபது வருடம் ஊர்வலத்தில் தூக்கியவர். "அருமை, அருமை" என்றார். "உங்கம்மா கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கு." கன்னம் சிவந்து, பக்கத்தில் இருந்தவளிடம் இளமைக் காலத்துக் கிரிக்கெட் பற்றிச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஹெஸ்டருக்கு விஷயம் மெல்லத்தான் உறைத்தது.

ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வழியே இல்லை. இந்தக் கூடத்தில் இருக்கும் ஒரு நாக்கும் அதைச் சுவைத்ததில்லை. நூறு வருட ஒழுக்கம் அவள் திட்டத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

தேநீர்க் கோப்பையோடு எட்னாவின் பக்கத்தில் போய் நின்றாள். "ஏதோ ஒரு மாதிரி வாசனை அடிக்கல?"

"அடிக்குதே. பாதாம் எசென்ஸா இருக்கும். நீயும் கொஞ்சம் சாப்பிடேன், முகத்துல சிரிப்பாவது வரும்."

"மதுக்கடை வாசல்ல அடிக்கிற மாதிரி…"

"அந்த வாசல்ல எப்படி அடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" எட்னா கண்ணைச் சுருக்கினாள். மேஜையே சிரித்தது.

ஹெஸ்டரும் சிரித்துவிட்டுக் குழாயடிக்குத் திரும்பினாள். இதற்கு மேல் சொன்னால் அவள்தான் மாட்டுவாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

டோரின் ஒரு சின்னக் கிண்ணத்தில் டிரைஃபிளை வழிய வழிய எடுத்து, ஸ்பூனைச் சொருகிக்கொண்டு, படிப்பக்கம் நடந்துகொண்டிருந்தாள். கொதிகலன் அறைக்கு.

சேத் ஒரு வருடமும் தேநீருக்கு மேலே வரமாட்டான். வெந்நீர் போதவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்று கீழேயே இருப்பான். அதனால் அவனை ஹெஸ்டர் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் கட்டிடத்தில் அந்தச் சுவை தெரிந்த ஒரே நாக்கு அவனுடையது.

"டோரின்" என்று கூப்பிட வாய் திறந்தாள்.

எதிரே பதினாறு பேர் கோப்பையோடு வரிசையில். கூப்பிட்டால், ஏன் என்று கேட்பாள். சேத்துக்குக் கொடுக்காதே என்றால், ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

ஒரு பக்கம் இன்னொரு எண்ணமும் தலை தூக்கியது. தெரிந்த நாக்கு ஒன்று வேண்டும் என்றுதானே காத்திருந்தாய்?

டோரினின் தலை படியில் இறங்கி மறைந்தது.

"ஹெஸ்டர், கோப்பை வழியுது!" என்றாள் எட்னா.

ஹெஸ்டர் குழாயை மூடினாள். அடுத்த கோப்பையை எடுத்தாள்.

டோரின் திரும்பி வரக் கால் மணி நேரமாயிற்று. காலிக் கிண்ணத்தோடு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அவன் ரெண்டாவது தடவை கேட்டான், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, அடியில் மிச்சமிருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள்.

*

ஐந்து மணிக்குச் சீட்டு வாங்கிய முப்பத்தெட்டு பேர் சாப்பலுக்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். டோரின் தன் சீட்டுக்காகப் பின்னால் நின்றாள். "உன்னோடது பெயரெழுதலை, இரு" என்று ஹெஸ்டர் தள்ளிப்போட்டிருந்தாள்.

சேத் கடைசியாக வந்தான். முகம் கழுவியிருந்தான். ஹெஸ்டரைக் கடக்கும்போது குனிந்து, "அக்கா, உன் கோட்டு காஞ்சிடுச்சு. இப்பவே போய்ப் போட்டுக்கோ" என்றான். பழைய வாடை ஒன்று அவள் மூக்கைத் தொட்டது. பத்தொன்பது வருடங்களுக்கு முந்தைய வாடை.

"இப்ப எதுக்குடா?"

"போட்டுக்கோக்கா. குளிரும்."

"போய் உக்காரு."

 அவன் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

பென்ரோஸ் எழுந்தார். முதலில் சாப்பலின் நூறு வருட வரலாறு. எழுதியது ஹெஸ்டர். பஞ்சு வராமல் தறிகள் நின்ற வருடத்தில் இந்தக் கூடத்தில் முதல் சூப் அண்டா அடுப்பேறியது. 1926-ஆம் வருடச் சுரங்கக் கதவடைப்பில் நாளைக்கு முன்னூறு குழந்தைகளுக்குச் சூப். போரில் குண்டுக்குத் தப்பி ரயிலேறி வந்த பிள்ளைகளுக்கு இதே பெஞ்சுகளில் படுக்கை.

"'இந்த வாசலுக்கு வந்த ஒருவரையும் கீழ் சாப்பல் கைவிட்டதில்லை'" என்று அவள் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். "மிக அழகு, மிஸ் க்ராப்ட்ரீ. வழக்கம்போல நம்ம சகோதரர் சேத் ரெண்டு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் வாக்கு."

அது வழக்கம். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சேத் எழுந்து ஒரே வாக்கியம் சொல்வான். 'நான் சேத், இந்தச் சுவர் இல்லேன்னா நான் இல்ல.' எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அவன் உட்கார்ந்துவிடுவான்.

சேத் எழுந்தான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சேத்" என்றான்.

நிறுத்தினான்.

"பத்தொன்பது வருஷம் அஞ்சு மாசம். இன்னிக்கு நாலு மணிக்கு முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல அந்த வாக்கியத்தை நான் சொன்னா பொய்யாயிடும். என் சீட்டை யார்கிட்ட கொடுக்கணுமோ அவங்ககிட்ட கொடுத்துட்டேன். நான் கை தூக்க முடியாது. மன்னிச்சுக்குங்க."



"குடிச்சியா?" என்றாள் எட்னா.

"குடிக்கலம்மா."

"பின்ன?"

"அதை விடுங்க."

"குடிக்காம எப்படிடா முடியும்? குடிக்கலேன்னா…" எட்னாவின் வாய் அப்படியே நின்றது. கை தன் தொண்டைக்குப் போயிற்று. "சாப்பிட்டே. டோரின் உனக்குக் கொண்டுவந்தாளே. கதகதன்னு… ஐயோ! ஐயோ, ஆண்டவரே, நான் மூணு தட்டு!"

அடுத்து நடந்ததை ஹார்டன்ஷாவில் இனி யாரும் மறக்கப்போவதில்லை. ஒருத்தி கைக்குட்டையால் நாக்கைத் துடைத்தாள். ஒருவர் வாயில் விரலை விட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினார். ஆமோஸ் மட்டும் அசையவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் நின்றது. "எங்கப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "எழுபத்தாறு வருஷம். எழுபத்தாறு வருஷம்."

"யார் மேலயும் பழி இல்ல" என்று சேத் கையை உயர்த்தினான். "ஸ்பூனைப் பிடிச்சது என் கை. ரெண்டாவது கிண்ணம் கேட்டது என் வாய்."

அவன் குரல் யார் காதிலும் ஏறவில்லை. எல்லாத் தலையும் பின்னால் திரும்பியிருந்தது.

"நான் ராஸ்பெரி சாறுதான் ஊத்தினேன்" என்றாள் டோரின். "வேற ஒண்ணுமே ஊத்தல."

"மேல் சாப்பல் மருமக ஆகப்போறவ, அங்க கத்துக்கிட்டதை இங்க கொண்டுவந்துட்டா" என்றது ஒரு குரல். "குடிகாரனுக்கு ஊட்டியே விட்டிருக்கா. சொந்த அண்ணனுக்கு!" என்றது இன்னொன்று.

பென்ரோஸ் மேஜையைத் தட்டினார். "அமைதி. இது ஒழுங்குப் பிரச்சினை. விதிப்படி மொதல்ல குழுத் தலைவியைக் கேக்கணும். மிஸ் க்ராப்ட்ரீ, இந்த அங்கத்தினரோட சீட்டைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

ஹெஸ்டரின் ஏப்ரன் பைக்குள் டோரினின் சீட்டு இருந்தது. பெயர் எழுதியேதான் இருந்தது.

டோரின் அவளையே பார்த்தாள். காலையில் கிரீம் பூசியது யார் என்பது அந்தக் கண்ணில் ஓடி, நின்று, புரிந்தது.  அக்காவே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

சேத்தும் பார்த்தான். தலையை லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் அசைத்தான். வேண்டாம்.

அவன் கை போய்விட்டது என்று ஹெஸ்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் இப்போது பத்தொன்பது. டோரின் இருந்தால் அந்தப் பக்கம் இருபது. தோல்வி. டோரின் போனால் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் யாராவது ஒருவர் நூறு வருட வரலாற்றைக் கேட்டு இளகியிருக்க மாட்டாரா?

"நிறுத்தி வைக்கணும்" என்றாள் ஹெஸ்டர்.

 டோரின் கூடத்துக்குப் போனாள், அம்மாவின் கண்ணாடிக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அவளுக்குப் பின்னாலேயே சேத் எழுந்து, யாரையும் பார்க்காமல், கொதிகலன் அறைப் படியில் இறங்கிப் போனான்.

"வைக்கணும்கறவங்க?" என்றார் பென்ரோஸ்.

பத்தொன்பது.

"மூடணும்கறவங்க?"

ஹெஸ்டர் இரண்டு முறை எண்ணினாள். ஆமோஸ் அவளுக்காக உயர்த்திய கையை இறக்கி மடியில் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு கையும் இறங்கவில்லை. எட்னாவின் கைதான் எல்லாவற்றையும்விட உயரம்.

பத்தொன்பது.

பென்ரோஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கனத்த மனசோடதான் சொல்றேன்" என்று தொடங்கினார்.

மீதியைக் கேட்க ஹெஸ்டர் நிற்கவில்லை.

*

கொதிகலன் அறையில் நெருப்பு அணைந்திருந்தது. பத்தொன்பது வருடங்களில் ஆண்டு விழா நாளில் அது அணைந்து அவள் பார்த்ததில்லை. ஆற்றுப் பக்கத்துக் கதவு திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சேத் இல்லை.

கயிற்றில் அவள் கோட்டு மட்டும். எடுத்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. கனமே இல்லை.

உள்பைக்குள் கையை விட்டாள். போத்தல் இல்லை. விரலில் ஓர் அட்டை தட்டுப்பட்டது.

சேத்தின் சீட்டு. முன்பக்கம் அவள் கையெழுத்தில் அவன் பெயர். திருப்பினாள். கரித்துண்டால் கோணல்மாணலாக எழுதியிருந்தான்.

'அக்கா. போத்தலை மத்தியானமே பாத்துட்டேன். டோரின் பெர்சிக்கு மோதிரத்தைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துட்டா. சாப்பலை மூடக் கை தூக்கச் சொன்னானாம். அவ உன் பக்கம்தான் கை தூக்கப்போறா. காலையில உன்கிட்ட சொல்ல வந்தாளாம், நீ ஸ்கோனைப் பாத்துட்டு இருந்தியாம். நான் இல்லேன்னாலும் நீ ஜெயிச்சிடுவே. அவ சீட்டை அவகிட்ட கொடு. கூட்டத்துக்கு முன்னாடி இதைப் படி.'

ஹெஸ்டர் அதைப் படித்தாள். ஏப்ரன் பைக்குள் இருந்த மற்றொரு சீட்டையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் இருபதும் டோரினும் இருபத்தொன்று. சேத் போனாலும் இருபது. எதிரே பத்தொன்பது.

ஆற்றங்கரையிலிருந்து டோரினின் குரல் கேட்டது. "சேத்! சேத், நில்லு! எங்க போறே?"

மழைக்குள் அந்தக் குரல் அணைக்கட்டின் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போயிற்று.

பிறகு, கண்ணாடி உடையும் சத்தம்.